ரூன் பார்க்கக் கற்றுக்கொள்வது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகளுக்கு டாரட் சீட்டு ஒன்றும் புதிதில்லை. அதன் பின்னாலேயே இப்போது, வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகளை வைத்துக் குறி பார்க்கும் ரூனும் வந்திருக்கிறது. சின்னத் துணிப்பையில் 25 கல்லைப் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். கூடவே ஒரு துண்டுத்தாள், அதில் கல்லுக்கு இரண்டு வார்த்தை அர்த்தம். வாங்கியவர்களில் பலர் தாளைப் பார்த்துப் பார்த்துச் சில நாள் எடுத்துவிட்டு, அப்புறம் பையைப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள்.

கல்லில் குறை எதுவும் இல்லை. எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித் தராததுதான் குறை. நாம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள். "ஆகுமா, ஆகாதா" என்று கேட்பதுதான் நமக்கு இயல்பாக வரும். அந்தக் கேள்விக்கு ரூன் உருப்படியாகப் பதில் சொல்லாது. கேள்வியை மாற்றிக் கேட்கத் தெரிந்துவிட்டால் அதே ரூன் நன்றாகப் பேசும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

முதலில் அது எழுத்து

ரூன் என்பது வட ஐரோப்பாவில் ஜெர்மானிய மொழிகள் பேசிய மக்கள் எழுதிய எழுத்து. டென்மார்க்கில் வீமோஸ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு சீப்பில், கி.பி. 160 வாக்கில், "ஹர்யா" என்று ஐந்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 24 எழுத்தும் வரிசையாக வரும் மிகப் பழைய சான்று, ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல். அது கி.பி. 400ஐ ஒட்டியது. முதல் ஆறு எழுத்தின் ஒலியைச் சேர்த்து இந்த வரிசைக்கு ஃபுதார்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னால் ஸ்காண்டிநேவியாவில் அது 16 எழுத்தாகச் சுருங்கியது, இங்கிலாந்தில் 24ஐத் தாண்டிப் பெருகியது. குறி பார்க்க இன்று பெரும்பாலோர் எடுப்பது பழைய 24தான்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கோ போய் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மாடு மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டு, யார், எவர் ஆட்சியில், எந்தச் சண்டையில் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். ஸ்வீடனில் ஆயிரக்கணக்கில் நிற்கும் ரூன் கற்களிலும் பெரும்பாலும் இதே செய்திதான்: இன்னாரின் நினைவாக இன்னார் நிறுத்திய கல்.

அப்படியானால் குறி பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதியதில் ஒரு குறிப்பு இருக்கிறது. காய் தரும் மரத்தில் ஒரு கிளையை வெட்டுவார்கள். அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குறி போட்டு, வெள்ளைத் துணியில் கண்டபடி இறைப்பார்கள். ஊர்க் காரியம் என்றால் பூசாரியும், வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவனும், வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக மூன்று எடுத்துப் பொருள் சொல்வார்கள். அந்தக் குறி ரூன் எழுத்துத்தான் என்று டாசிடஸ் எழுதவில்லை. இன்று நாம் ரூன் பார்க்கும் முறை இந்தக் குறிப்பையும் பழைய பாட்டுகளையும் வைத்து 20ஆம் நூற்றாண்டில் கட்டிய முறை. பையில் இருக்கும் அந்த 25ஆவது வெற்றுக் கல் இன்னும் புதிது. 1982இல் ரால்ஃப் பிளம் என்ற அமெரிக்கர் தன் புத்தகத்தோடு சேர்த்துப் பரப்பியது. "ஆயிரம் வருடமாக மாறாத ரகசிய முறை" என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். வெற்றுக் கல்லை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு 24ஐ மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

படி 1: பஸ் போர்டில் எழுதிப் பழகுங்கள்

அர்த்தத்துக்குப் போகும் முன் 24 எழுத்தையும் கை பழக வேண்டும். இதற்கு நம் ஊர்ப் பெயர்களே போதும். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர் உண்டு, முழு வரிசை படி 2இல் வரும். அரூர் என்றால் ஆன்சுஸ், ரைதோ, உருஸ், மறுபடி ரைதோ. ஓசூர் என்றால் ஓதலா, சோவிலோ, உருஸ், ரைதோ. தருமபுரிக்கு தகாஸ், ஆன்சுஸ், ரைதோ, உருஸ், மன்னாஸ், ஆன்சுஸ், பெர்த்ரோ, உருஸ், ரைதோ, ஈசா. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போர்டைப் பார்த்து மனதுக்குள் எழுதிப் பாருங்கள். ழ, ள, ண, ஷ போன்ற ஒலிகளுக்கு அதில் எழுத்து கிடையாது. கிட்டத்தில் இருப்பதைப் போட்டு நகருங்கள், இது இலக்கணப் பரீட்சை இல்லை.

ஒரு வாரத்துக்கு எட்டு எழுத்து போதும். மரபாகவே இந்த 24ஐ எட்டெட்டாக மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். கிடைக்கோடே இல்லாமல் எல்லாம் நிமிர்ந்த கோடும் சாய்ந்த கோடுமாக இருப்பதைக் கவனிப்பீர்கள். மரத்தில் வெட்டுவதற்கென்றே வந்த வடிவம், கிடையாகக் கீறினால் மரத்தின் நாரோடு கலந்து காணாமல் போகும் என்று விளக்கம் சொல்வார்கள். படி 3இல் நீங்களே மரத்தில் கீறும்போது அது எவ்வளவு சரி என்று கையே சொல்லும்.

படி 2: பாட்டிலிருந்து பொருள் எடுங்கள்

துண்டுத்தாளில் "ஈசா: தடை" என்று இருக்கும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் ஈசா வரும்போதெல்லாம் முகம் வாடும். மூலத்துக்குப் போய்ப் பாருங்கள்.

ரூன்களுக்குப் பொருள் சொல்லும் பழைய பாட்டுகள் மூன்று இருக்கின்றன: பழைய ஆங்கிலத்தில் ஒன்று, நார்வேயில் ஒன்று, ஐஸ்லாந்தில் ஒன்று. ஆங்கிலப் பாட்டு இருந்த ஏடு 1731இல் லண்டனில் நடந்த ஒரு தீவிபத்தில் எரிந்துபோனது. நல்ல வேளையாக ஜார்ஜ் ஹிக்ஸ் என்பவர் 1705இலேயே அதை அச்சில் ஏற்றியிருந்தார். மற்ற இரண்டும் 16 எழுத்து வரிசைக்குப் பாடியவை. அதனால் அந்தப் பதினாறில் இல்லாத ரூன்களுக்கு ஆங்கிலப் பாட்டுத்தான் துணை. மூன்றுக்கும் ஆங்கில உரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது ஈசாவை எடுத்துக்கொள்வோம். ஈசா என்றால் உறைபனி. ஆங்கிலப் பாட்டு, அது குளிரும், வழுக்கும், கண்ணாடி போல மின்னும், பார்க்க அழகாக இருக்கும் என்கிறது. நார்வேப் பாட்டு பனியை அகலமான பாலம் என்கிறது, கண் தெரியாதவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்றும் சேர்க்கிறது. ஆறு உறைந்தால் படகு போகாது, ஆனால் ஆள் நடந்து கடக்கலாம். ஆக, ஈசா வந்தால் "நின்றுபோச்சு" என்பதோடு "நின்றுபோனதாலேயே எந்த வழி திறந்திருக்கிறது, யார் கையைப் பிடித்துப் போக வேண்டும்" என்றும் கேட்கலாம். "தடை" என்ற ஒற்றை வார்த்தையில் இதெல்லாம் கிடைக்காது.

கெனாஸ் இன்னொரு மாதிரி. ஆங்கிலப் பாட்டில் அது மாளிகையில் எரியும் தீப்பந்தம். நார்வே, ஐஸ்லாந்துப் பாட்டுகளில் அதே இடத்தில் நிற்பது புண், பிள்ளைகளைக் கொல்லும் நோய். இரண்டில் எது சரி என்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை. வெளிச்சம் வேண்டுமா, ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டையும் கேள்வியோடு ஒட்டிப் பாருங்கள். பெர்த்ரோவுக்கு என்ன பொருள் என்று அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. பாட்டில் வீரர்கள் கூடி உட்கார்ந்து விளையாடிச் சிரிப்பதாக வருவதால் பகடை, சூதாட்டம் என்று பலர் கொள்கிறார்கள்.

முழு வரிசையும் சுருக்கமாக:

முதல் எட்டு: ஃபெஹு (மாடு, கைமாறும் செல்வம்), உருஸ் (காட்டெருது), துரிசாஸ் (அரக்கன், ஆங்கிலப் பாட்டில் முள்), ஆன்சுஸ் (தெய்வம், வாய்ச்சொல்), ரைதோ (சவாரி), கெனாஸ் (பந்தம், புண்), கெபோ (கொடை), வுன்யோ (மகிழ்ச்சி).

இரண்டாம் எட்டு: ஹகலாஸ் (ஆலங்கட்டி), நௌதிஸ் (நெருக்கடி, இல்லாமை), ஈசா (உறைபனி), யேரா (ஆண்டு, அறுவடை), ஐவாஸ் (யூ மரம்), பெர்த்ரோ (விளையாட்டு, பகடை), அல்கிஸ் (எல்க் என்ற பெரிய மான், பிடித்தால் கையை அறுக்கும் கோரை, இப்போது காவல் என்று வாசிக்கிறார்கள்), சோவிலோ (சூரியன்).

மூன்றாம் எட்டு: தீவாஸ் (தீர் என்ற தெய்வம், நேர்மை), பெர்கனோ (பிர்ச் மரம், துளிர்ப்பு), ஏவாஸ் (குதிரை), மன்னாஸ் (மனிதன்), லகுஸ் (நீர்), இங்வாஸ் (இங் என்ற தெய்வம், வித்து), தகாஸ் (பகல்), ஓதலா (பூர்வீகச் சொத்து).

கடைசி இரண்டும் சில கல்வெட்டுகளில் இடம் மாறி வரும், குழம்ப வேண்டாம். பெயர்களின் பழைய உச்சரிப்பும் மொழியியல் அறிஞர்கள் மீட்டெடுத்ததுதான். அதனால் ஒருவர் "எஹ்வாஸ்" என்றாலும் இன்னொருவர் "ஏவாஸ்" என்றாலும் தப்பில்லை.

நோட்டில் ஒரு ரூனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பாட்டு சொல்வது, கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்று. ஃபெஹுவுக்கு, பணம் எல்லோருக்கும் ஆறுதல், ஆனால் தாராளமாகப் பகிர வேண்டும் என்கிறது ஆங்கிலப் பாட்டு. அது சொந்தக்காரர்களுக்குள் சண்டை மூட்டும் என்கிறது நார்வேப் பாட்டு. பாகப்பிரிவினை பார்த்த எந்த வீட்டுக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். ரைதோவுக்கு, வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குச் சவாரி சுலபம், மைல் கணக்கில் குதிரை மேல் போகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று வருகிறது. தினமும் விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடித்து ஓசூர் போகிறவர்கள் அந்தப் பக்கத்தை நிரப்பிவிடுவார்கள்.

படி 3: மாங்கிளையில் நீங்களே செய்யுங்கள்

கடையில் வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் செய்தால் 24ம் கையோடு மனதில் தங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். காய் தரும் மரத்தின் கிளை என்று டாசிடஸ் எழுதியதற்கு நம் பக்கத்தில் மாமரத்தைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது? மாங்காய் சீசன் முடிந்ததும் போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத் தோப்புகளில் கவாத்து செய்வார்கள். வெட்டிப் போட்ட கிளை வேண்டும் என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கட்டைவிரல் தடிமனில் நேரான கிளையாகப் பொறுக்குங்கள். வெட்டிய இடத்தில் பால் கசிந்தால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் புண்ணாகிவிடும். படத்தில் வருவது போல வட்ட வில்லையாக அறுக்க ஆசை வரும். வில்லை காயும்போது நடுவிலிருந்து வெடித்துவிடும். அதற்குப் பதில் இரண்டு விரற்கடை நீளத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் கத்தியால் நெடுக்காக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பட்டையோடு வளைவு. தட்டைப் பக்கம் எழுத்துக்கு. வெடிப்பது, பிளக்கும்போது கோணுவது எல்லாம் இருக்கும், அதனால் முப்பது துண்டாவது தயார் செய்யுங்கள்.

நிழலில், காற்றோட்டமாக, சில வாரம் காய வேண்டும். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிமிர்ந்த கோடு நாருக்குக் குறுக்கே வரும்படி கீறுங்கள். சால்டரிங் அயர்ன் இருந்தால் சூடு போட்டும் எழுதலாம். கோட்டுக்குள் நிறம் வேண்டுமென்றால் காவிப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாமல் பிசுபிசுத்துக் கொண்டே இருக்கும். போட்டு வைக்க ஒரு சின்ன மஞ்சப்பை, விரிக்கப் பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு. செலவு அவ்வளவுதான்.

கிரானைட் துண்டிலோ ஒகேனக்கல் கூழாங்கல்லிலோ எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் கல்லோடு கல் உரசி எழுத்து சீக்கிரம் அழியும், ஒன்று கனமாக ஒன்று லேசாக இருந்தால் பைக்குள் கைவிடும்போதே எது எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்கு மரம்தான் பிடிக்கும்.

படி 4: கேள்வியைத் திருத்துங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கேள்வியை முதலில் நோட்டில் எழுதுங்கள். அதில் "ஆகுமா, கிடைக்குமா, வருமா" என்று முடிந்தால் அடித்துவிட்டு "நான் எதைக் கவனிக்கவில்லை", "எதற்குத் தயாராக வேண்டும்", "எனக்கு இதில் உண்மையில் என்ன வேண்டும்" என்று முடியும்படி திருத்தி எழுதுங்கள். "வேலை கிடைக்குமா" என்பதை "இந்த இண்டர்வியூவுக்கு நான் எதை இன்னும் சரி செய்யவில்லை" என்று மாற்றலாம். பிறகு ஒரு ரூன் எடுங்கள். முதல் மாதம் முழுக்க ஒரு நாளைக்கு ஒன்று போதும். காலையில் எடுத்து, எழுதி வைத்து, ராத்திரி அதே பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை இரண்டு வரி எழுதுங்கள்.

அது பழகியதும் மூன்றுக்குப் போகலாம். மூன்றையும் கடந்தது, நடப்பது, வருவது என்று வைப்பது பலரின் வழக்கம். நான் அப்படி வைப்பதில்லை. "வருவது" என்று ஓர் இடம் இருந்தால் கண் அங்கேயே ஓடிவிடும். இப்போது நிற்கும் இடம், கவனிக்காமல் விட்டது, தயாராக வேண்டியது என்று வையுங்கள். 24இல் மூன்று எடுத்தால் 2,024 விதமாகச் சேரும். இடத்தையும் கணக்கில் கொண்டால் 12,144. யாரும் இத்தனைக்கும் பலன் மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வொரு ரூனையும் ஆழமாகத் தெரிந்துகொண்டு அந்த இடத்திலேயே சேர்த்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு கேள்வி, பல முறைகள்

எங்கள் சொந்தத்தில் சித்தப்பா ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பூவிலோ பிஞ்சிலோ வியாபாரி வந்து தோப்பைக் குத்தகை பேசுவது வழக்கம். அப்போதே விட்டால் கையில் பணம், மழை காற்று எல்லாம் வியாபாரி பாடு. வைத்திருந்தால் விலை கூடக் கிடைக்கலாம், காயும் உதிரலாம்.

"ஏம்பா, பிஞ்சுலயே வுட்டுரலாமா, இல்ல காய் முத்தற வரைக்கும் பாக்கலாமா? உன் கட்டைய எடுத்துப் பாரு" என்றார்.

"அப்படிக் கேட்டா அது சொல்லாதுங்க சித்தப்பா. இதுல நாம எதப் பாக்காம விட்டுட்டோம்னு கேப்போம்" என்றேன். சரி என்றார்.

வந்தது நௌதிஸ், ஏவாஸ், ஹகலாஸ். நௌதிஸ் நெருக்கடி. அது நெஞ்சை இறுக்கும், ஆனால் சரியான நேரத்தில் காது கொடுத்தால் உதவியாகவும் மாறும் என்கிறது ஆங்கிலப் பாட்டு. "ஜூன்ல உங்களுக்கு எவ்வளவு பணம் கட்டாயமா வேணும்?" என்று கேட்டேன். பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ், சொசைட்டிக் கடன் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். குத்தகைத் தொகையில் பாதிதான் வந்தது. அந்தக் கணக்கை அதுவரை அவர் போட்டே பார்க்கவில்லை.

அடுத்து ஏவாஸ், குதிரை. குதிரைக்கும் ஏறியவனுக்கும் உள்ள நம்பிக்கை என்று இன்று வாசிப்பார்கள். வியாபாரியைப் பற்றிப் பேச்சு போனது. போன முறை பாக்கியை இழுத்தடித்தவர் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மூன்றாவது ஹகலாஸ், ஆலங்கட்டி. கோடை மழையோடு ஆலங்கட்டி விழுந்து பிஞ்செல்லாம் தரையில் கிடப்பதைப் பார்த்த ஊர் இது. சித்தப்பா முகம் மாறியது. ஹகலாஸை அபசகுனம் என்று நிறுத்தினால் வாசிப்பு கெட்டுவிடும். பாட்டில் ஆலங்கட்டி தானியங்களிலேயே வெண்மையானது, வானத்திலிருந்து சுழன்று விழுந்து அப்புறம் தண்ணீராகிவிடுவது. "முழுசா போனாலும் தாங்கற அளவு எது?" என்ற கேள்வியாக அதை எடுத்தோம். பாதித் தோப்பைப் பணம் முழுதும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு விடுவது, மீதியை வைத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்தார். மழை வரும் என்றோ வராது என்றோ ரூன் சொல்லவில்லை. அதற்கு அது தெரியவும் தெரியாது என்பதுதான் என் கருத்து.

இதே கேள்வியைக் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருந்தால்? சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், குழந்தை ஒன்றை எடுக்கும், முடிந்தது. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது எல்லோர் கண் முன்னாலும் சாமி சொன்னதாக ஒரு முடிவு வந்தால், அப்புறம் "நான் அப்பவே சொன்னேனே" என்று யாரும் கிளப்ப முடியாது. அந்தச் சமாதானத்தை ரூன் தராது. ரூன் ஒருவர் தனியாகத் தன்னோடு பேச உதவும், பூ ஒரு குடும்பம் ஒன்றாக முடிவெடுக்க உதவும். அண்ணன் தம்பிக்குள் சொத்துப் பேச்சு என்றால் நான் பூவைத்தான் சொல்வேன்.

சோழி பார்ப்பது இன்னொரு வகை. மல்லாந்தது எத்தனை, கவிழ்ந்தது எத்தனை என்று எண்ணி, அதை ராசி, கிரகத்தோடு பொருத்திச் சொல்வார்கள். அதற்கு ஜோதிடம் தெரிந்திருக்க வேண்டும், குருவும் வேண்டும். நாமே உட்கார்ந்து கற்றுக்கொள்வது கடினம். பெரும்பாலும் அது காலத்தைப் பேசும், பரிகாரத்தில் முடியும். ரூனில் பரிகாரம் என்பதே கிடையாது. "ரூன் பரிகாரம்" என்று எதையாவது விற்றால் அது விற்பவரின் சொந்தச் சரக்கு.

டாரட் 78 சீட்டு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் குறி சொல்லும் சீட்டாக மாறியது. அதில் படம் இருக்கிறது, படம் கதையைத் தூக்கிக் கொடுத்துவிடும். கற்பனை சீக்கிரம் ஓடுபவர்களுக்கு அது எளிது, அதே காரணத்தால் விருப்பப்பட்ட கதையைச் சொல்லிக்கொள்வதும் எளிது. ரூனில் இருப்பது இரண்டு மூன்று கோடு. அது தன்னால் எதையும் தூக்கிக் கொடுக்காது, நாம்தான் போய் எடுக்க வேண்டும். சீனத்து ஐ சிங்கில் மூன்று காசை ஆறு முறை போட்டு 64 வடிவத்தில் ஒன்றுக்குப் போவீர்கள், அதற்கு நீளமான வாசகம் தயாராக இருக்கும். படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல துணை.

நம் மண்ணிலேயே ரூனுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. சங்க காலத்தில் தலைவிக்கு உடம்பு வாடினால் முருகன் பூசாரியான வேலனை அழைத்துக் கழங்குக் காய் போட்டுப் பார்ப்பார்கள், கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி சொல்வாள். தொல்காப்பியம் "கட்டு" என்ற அந்த நெற்குறியையும் கழங்கையும் சேர்த்தே சொல்கிறது. குறுந்தொகை 23இல் குறி சொல்லும் அகவன் மகளைப் பாடச் சொல்லிக் கேட்பவர் ஔவையார், தகடூர் அதியமானைப் பாடிய அதே பெயருக்குரியவர். தகடூர்தான் இன்றைய தருமபுரி. கழங்குக்கு எப்படிப் பலன் எண்ணினார்கள் என்ற விதி நமக்கு வந்து சேரவில்லை. அந்தப் பாட்டுகளில் ஒன்று மட்டும் கண்ணில் படும்: நோய்க்குக் காரணம் முருகன் அணங்கியது என்று கழங்கு காட்டும், உண்மைக் காரணம் காதல் என்று தோழிக்குத் தெரிந்திருக்கும். கேட்ட கேள்வி தப்பாக இருந்தால் பதில் எங்கே போய் நிற்கும் என்பதை நம் புலவர்கள் அப்போதே பார்த்திருக்கிறார்கள்.

படி 5: மற்றவருக்குப் பார்க்கும் முன்

ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டு முறை எடுக்காதீர்கள். பிடித்தது வரும் வரை எடுப்பதாக அது மாறிவிடும்.

ரூன் தலைகீழாக வந்தால் எதிர்மறை என்று வாசிப்பது இன்று பரவலாக இருக்கிறது. பழைய பாட்டு எதிலும் அது இல்லை. கெபோ, ஈசா, தகாஸ் போன்றவை தலைகீழானாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தொடக்கத்தில் அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ரூனுக்குள்ளேயே நல்லதும் கெட்டதும் இருப்பதை நௌதிஸிலும் ஹகலாஸிலும் பார்த்தோம்.

நோய்க்கு, காணாமல் போனவருக்கு, கோர்ட் வழக்குக்கு, பிறக்கப்போகும் குழந்தைக்கு ரூன் எடுக்கவே கூடாது. உடம்புக்கு என்றால் டாக்டர், வழக்குக்கு என்றால் வக்கீல். இதில் எனக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. கல்யாணத்துக்கு யாராவது கேட்டால், கேட்பவர் மாப்பிள்ளையோ பெண்ணோ தானா என்று பாருங்கள். அப்பா அம்மா வந்து பிள்ளைக்காகக் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும் வேண்டாம், அந்த வயதில் ஒரு ஹகலாஸ் என்ன செய்யும் என்று நம்மால் கணிக்க முடியாது.

ரூனை லாக்கெட்டாகவோ பச்சையாகவோ போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சோவிலோவின் வடிவத்தை இரட்டையாக்கித்தான் ஹிட்லரின் எஸ்எஸ் படை தன் சின்னமாக வைத்திருந்தது. ஓதலா, தீவாஸ் போன்றவற்றையும் நாஜிகள் எடுத்தாண்டார்கள், இன்றும் சில இனவெறிக் கும்பல்கள் எடுத்தாள்கின்றன. எஸ்எஸ் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் சட்டப்படி குற்றம். வேலைக்கோ படிப்புக்கோ அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இணையத்தில் 18 எழுத்து ரூன் வரிசை ஒன்றும் கிடைக்கும். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைடோ ஃபான் லிஸ்ட் என்ற ஆஸ்திரியர் தானாகக் கட்டியது, அவருடைய இனப்பெருமைக் கொள்கையோடு சேர்ந்து வந்தது. புதியவர்களுக்கு அது தேவையே இல்லை.

மற்றவருக்குப் பார்க்கும்போது கட்டைகளை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். ரூனின் பெயரையும் பாட்டு சொல்வதையும் முதலில் சொல்லிவிட்டு, "இது உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துது?" என்று கேளுங்கள். அவர் பேசி முடித்த பிறகு உங்கள் வாசிப்பு. கற்கும் காலத்தில் பணம் வாங்காதீர்கள், வாங்க ஆரம்பித்தால் அவருக்குப் பிடித்ததைச் சொல்லத் தோன்றும். தேதி, திருத்திய கேள்வி, வந்த மூன்று ரூன், அவர் சொன்னது, நீங்கள் சொன்னது என்று ஐந்தையும் நோட்டில் எழுதி, அவர் சம்மதித்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சேர்ந்து படியுங்கள்.